ஓர் அங்குல மனிதன்

ஒரு செயலைப் பொறுமையோடும் மனவொருமையோடும் பிழையறச் செய்தல் நற்பண்பு என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின் அப் பொறுமையும் மனவொருமையும் எப்பொருளின்மேற் செலுத்தப்படினும் நற்பண்பாகவே நிலைக்குமோ? ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலிலே இவ்வினாவுக்கு விடை கண்டார். நிதானம், தன்னடக்கம் முதலிய பண்புகள் நல்லெண்ணத்தோடு கூடாவிடத்துத் தீமைக்கே துணைபோகும். பதற்றமில்லாத கொடியவன் ஏனைக் கொடியவரிலும் அஞ்சத்தக்கவன் என்பது அவர் கருத்து. இதனை ஏற்பதில் இடர்ப்பாடு இல்லை. எனினும் கொடியவன் எவனும் இல்லாத, கொலை எதுவும் நிகழாத, வெறும் பொழுதுபோக்கு ஒன்றினுள் இதே வினாவை எழுப்பும்போது விடை அத்துணை எளிதாகக் கிட்டுவதில்லை. பிளாஸ்ரிக் துண்டுகளை ஒட்டிப் போர்விமானத்தின் சிறுமாதிரி செய்யும் பொழுதுபோக்கையே இங்கு ஆராய எண்ணுகிறேன்.

தோட்ட லயத்தில் விமான மாதிரியா என வாசகர் வியத்தல் கூடும். ஹற்றனை அடுத்த தோட்டமொன்றில், பத்தாந்தரம் படிக்கும் என் சிற்றன்னையின் மகன் இதனைச் செய்துவருகிறான். வளைகுடா நாட்டிலே தொழில்புரியும் தமையன் விடுமுறையில் வந்தபோது வாங்கிவந்த பெட்டி அது. சட்டங்களில் ஒட்டிய நிலையில் வரும் துண்டுகளை நகவெட்டியால் வெட்டியெடுத்து, முனைகளை அரத்தாளால் உராய்ந்து, பசையிட்டுப் பொருத்த வேண்டும். மூக்கினுள்ளே சிறிது ஈயம் வைத்து மூடாவிடின் விமானம் முன்சில்லில் நில்லாது வாலிற் சாய்ந்துவிடும். மழைக்காலத்து ஹற்றனிலே பூசிய வர்ணம் காய்வதற்கு ஒரு பகல் போதாது. இத்தனையையும் அவன் சலிப்பின்றிச் செய்கிறான்.

இந்தக் கவனத்தை நான் இழிவாக எண்ணவில்லை. மலையகத்திலே கவனம் என்பது தலைமுறை தலைமுறையாக நிறுத்து விலைமதிக்கப்பட்ட ஒன்று. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளிய கொழுந்து தராசிலே குறைந்தால் அரைப் பேர். அன்றைய கவனத்தில் பாதி கணக்கிலிருந்து மறைந்துவிடும். எவருக்கும் நிறுத்துக் காட்டவேண்டாத கவனம் ஒன்று அந்த வீட்டினுள் இப்போதுதான் நுழைந்திருக்கிறது. அதனைப் பறித்துவிடும் அறம் எதுவாயினும் எனக்கு உடன்பாடன்று.

ஆயினும் அவன் செய்வது எது? ஆர்ஜென்ரீன நாட்டுப் 'புகாரா' என்னும் தாக்குதல் விமானம். கொர்டோபா நகரத்துத் தொழிற்சாலையில் உருவாகி 1969இல் முதன்முதற் பறந்தது. வாயுச் சுழலி எஞ்சின்களின் வேகத்தைப் பற்சில்லுகளாற் குறைத்து முன்விசிறிகளைச் சுழற்றும் டர்போபுரொப் வகையினது. 1982இல் போக்லாந்துப் போரிலே பிரித்தானியப் படைக்கு எதிராகப் பறந்தது. கைப்பற்றப்பட்டவற்றுள் ஒன்று இங்கிலாந்தின் கொஸ்போர்ட் அரும்பொருளகத்தில் இன்று நிற்கிறது. பிரித்தானிய 'ஏர்பிக்ஸ்' நிறுவனம் இதன் மாதிரிப் பெட்டியையும் விற்றது. பகைவனின் படைக்கலம் அரும்பொருளாகவும் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகவும் மாற நெடுங்காலம் வேண்டியதில்லை போலும். புகாரா என்பது அந்தீஸ் மலைவாழ் கெச்சுவா மக்களின் மொழியிலே கோட்டை எனப் பொருள்படும் சொல். உள்நாட்டுக் கிளர்ச்சிகளை அடக்கவென வடிவமைத்த விமானத்துக்கு மலைமக்களின் சொல்லைச் சூட்டியவர்கள் அதிலுள்ள முரணை எண்ணிப் பார்த்தார்களோ, அறியேன்.

1993இல் இலங்கை விமானப்படை இவ்வினத்தில் நான்கினை வாங்கியது. அதற்கு முன்னரே, 1980களின் நடுப்பகுதியில், இத்தாலிய 'மார்ச்செற்றி' டர்போபுரொப் விமானங்கள் இங்கு வந்துவிட்டன. இரு வகையும் வடபுலப் போரிலே தரைத்தாக்குதலுக்குப் பயன்பட்டன. ஆகவே தம்பியின் மேசையில் நிற்பது எங்கோ தொலைவில் நடந்த போரின் நினைவுச்சின்னமன்று.

மாதிரி வெறும் பிளாஸ்ரிக். அதிலிருந்து ஒரு குண்டும் விழப்போவதில்லை. விளையாட்டுக்கு அறவிசாரணை எதற்கு என்பார் உளர். இக்கூற்று பொருத்தமுடையதாயினும் மாதிரிகளின் வரலாறு அத்துணை மாசற்றதன்று. 1942இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை நாடெங்கும் உள்ள பாடசாலை மாணவரிடம் ஐந்து இலட்சம் விமான மாதிரிகளைச் செய்துதருமாறு கேட்டது. மரத்தாற் செய்யப்பட்ட அவை எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவின. முப்பத்தைந்து அடிக்கு அப்பால் தொங்கவிட்ட அத்தகைய மாதிரி, 2520 அடிக்கு அப்பாலுள்ள மெய்யான விமானமாகக் கண்ணுக்குத் தோன்றும். எவ்விமானம் நண்பனுடையது, எதனைச் சுடவேண்டும் என்று பீரங்கி வீரர் அவற்றைக்கொண்டு பயின்றனர். பிள்ளைகளின் கைத்திறன் போர்ப்பயிற்சியின் பகுதியாயிற்று.

அந்த அளவு பற்றிச் சற்று நின்று நோக்குதல் தகும். எழுபத்திரண்டு என்னும் எண் எங்கிருந்து வந்தது? ஆறடிக்கு ஓர் அங்குலம் எனக் கொண்டால் அளவு எழுபத்திரண்டில் ஒன்றாகும். அதாவது ஆறடி உயரமுள்ள மனிதன் ஓர் அங்குலமாவான். 1930களில் பிரித்தானியாவில் மரமாதிரிகளோடு தொடங்கி, 1936இல் வெளிவந்த முதற் பிளாஸ்ரிக் பெட்டிகளுக்கும் சென்று, உலகமெங்கும் வழக்காகிவிட்ட அளவு இது. மனிதனையே அனைத்துக்கும் அளவுகோலாகக் கண்ட கிரேக்கச் சிந்தனையாளர் புரோத்தகோரசு அறிந்திருப்பின் மகிழ்ந்திருப்பார். சிறகின் நீளமும் விசிறியின் வட்டமும் குண்டின் பருமனும் ஓர் அங்குல மனிதனை மனத்திற் கொண்டே சுருக்கப்படுகின்றன. அவ்வாறான மனிதர் இருவர் பெட்டியினுள்ளேயும் உளர். ஒருவர் பின் ஒருவராக இருக்கைகளில் அமர்த்தப்படும் விமானிகள் அவர்கள். பெட்டியில் இல்லாதவர் நிலத்தில் நிற்பவர்.

இவ்விடுபாடு தற்செயலானது என்று சொல்லித் தப்பலாம். விமானப் பெட்டியில் விமானந்தானே இருக்கும்? ஆனால் புகாராவின் துண்டுகளையே உற்று நோக்குக. மூக்கு ஏன் கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது? விமானி தனக்கு முன்னும் கீழும் உள்ள நிலத்தைத் தடையின்றிக் காண்பதற்காக. கால்கள் ஏன் இத்துணை உயரமானவை? செப்பனிடாத குறுகிய ஓடுதளங்களிலிருந்து, போர்முனைக்கு அண்மையிலேயே எழும்புவதற்காக. தாரைவிமானத்தின் வேகத்தை விடுத்து முன்விசிறியை ஏன் தேர்ந்தனர்? தாழப் பறந்து, ஒரே இடத்தை நெடுநேரம் சுற்றிவருவதற்கு அது ஏற்றது என்பதற்காக. துண்டு ஒவ்வொன்றும் நிலத்தையே சுட்டி நிற்கிறது. மூக்கின் சரிவை அரை மில்லிமீற்றர் பிசகாது பொருத்துபவன், அச்சரிவு எதனைப் பார்ப்பதற்காக வந்தது என்று வினவாது விட்டால், அவனது கவனம் பாதிவழியில் நின்றுவிட்டது என்பேன். கொலைக்கருவியின் வடிவைச் செய்தமையை நான் குற்றமாகக் காணவில்லை. கவனம் சிறகின் விளிம்பிலே முடிந்துவிடுவதே எனக்குக் குறையாகப் படுகிறது.

நம்மவர் ஆயுதபூசையை ஈண்டு ஒப்புநோக்கலாம். தோட்டங்களில் அன்று கவ்வாத்துக் கத்திக்கும் தொழிற்சாலை இயந்திரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் இடுவர். கருவியைப் போற்றுதல் நமக்குப் புதிதன்று. ஆனால் அக்கத்தியைப் பிடித்த கை, அதன் தழும்புகளோடு பக்கத்திலேயே கூப்பி நிற்கும். கருவியும் அதன் வேலையும் அவ்வேலையால் வருந்திய உடலும் ஒரே இடத்தில் இருக்கும். மாதிரி விமானத்துக்கு அந்த வாய்ப்பில்லை. அதன் வேலை வேறெங்கோ நடந்தது.

வேறெங்கோ எனினும் நமக்கு அயலான இடத்தில் அன்று. 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்தை விட்டுப் பெயர்ந்தோர் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு திருத்திக் குடியேறினர். பின்னாளில் மார்ச்செற்றியும் புகாராவும் பறந்தது அவர்களின் கூரைகளுக்கும் மேலாகத்தான். எங்கள் அம்மாயியின் தங்கை குடும்பமும் அவ்வாறு சென்றதே. அம்மாயி ஒருநாள் மாதிரியின் சிறகடியைச் சுட்டி, "இது என்னா தம்பி, அடியில தொங்குது?" என்றார்.

"குண்டு, அம்மாயி."

"விட்டா எங்க விழும்?"

"கீழதான்."

அம்மாயி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மலையகத்து முதியோருக்கு விமானம் என்பது பெரும்பாலும் கீழே வந்த ஒன்று. 1974 டிசெம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த டச்சு விமானம் மஸ்கெலியாவுக்கு அணித்தான ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். அது பயணிகள் விமானம், நாம் பேசும் வகையைச் சேர்ந்ததுமன்று. எனினும் தம்பி துண்டுகளிலிருந்து முழு விமானத்தை ஆக்குகிறான். அவ்வூர் மக்களோ முழு விமானத்தை ஒருபோதும் அருகிற் காணாமல் துண்டுகளையே கண்டவர்கள்.

அம்மாயியின் கேள்விக்குப் பின்னர் நான் ஒரு கணக்குப் பார்த்தேன். பழைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதனை எழுபத்திரண்டில் ஒன்றாகச் சுருக்கினால் அகலம் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நீளம் சரியாக இரண்டு அங்குலம். புகாராவின் சிறகு முனைக்கு முனை பதினான்கரை மீற்றர். மாதிரியில் இருபது சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய எட்டு அங்குலம். ஆக, நான்கு காம்பராக்களை நீளவாட்டில் அடுக்கினால் ஏறக்குறைய அச்சிறகின் நீளமே வரும். நான்கு குடும்பங்கள். தம்பியிடம் இதனைக் கூறியபோது அவன் அடிக்கோலை எடுத்து அளந்து பார்த்துவிட்டு, சரிதான் என்றான். மெய்யியல் வகுப்பிலே நான் கேட்ட விளக்கங்கள் பலவற்றிலும் அந்த அடிக்கோல் தெளிவாக இருந்தது.

இதனால் அவன் மாதிரியை உடைத்தெறிய வேண்டுமென்று யாரும் கொள்ளற்க. அதனைத் தொடாதவன் மூக்குச் சரிவின் காரணத்தை அறியப்போவதில்லை. அறியாமையைத் தூய்மை எனக் கொள்வது சோம்பலுக்கு இடும் நல்ல பெயர். மேலும், நிலத்தை நோக்கும் கவனம் ஒரு பக்கத்து நிலத்தோடு நின்றுவிடலாகாது. 1995 ஏப்பிரல் 28, 29ஆம் நாள்களில் பலாலிக்கு அண்மையிலே விமானப்படையின் அவ்ரோ 748 விமானங்கள் இரண்டு அடுத்தடுத்து ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்டன. பயணிகளைச் சுமக்கவெனப் பிரித்தானியாவிலே பிறந்த டர்போபுரொப் அது. அதனுள் இருந்து மாண்டோர் வீட்டு வாசலிலும் யாரோ ஒரு தாய் காத்திருந்தாள். அதே ஆண்டில் புகாரா ஒன்றும் வீழ்த்தப்பட்டது. எஞ்சியதொன்று இரத்மலானை விமானப்படை அரும்பொருளகத்தில் வர்ணம் பூசப்பட்டு நிற்கிறது. பாடசாலைச் சுற்றுலாப் பிள்ளைகள் அதன்முன் நின்று படம் எடுக்கின்றனர்.

தம்பி அடுத்ததாகச் செய்ய விரும்புவது சி-130 ஹேர்க்கியூலிஸ் என்னும் பாரவிமானத்தை. நான்கு டர்போபுரொப் எஞ்சின்கள் உடைய இதுவும் படைவிமானமே. பிரித்தானியாவிடமிருந்து 1999இல் வந்த இரண்டு இந்நாட்டு விமானப்படையிடம் உள்ளன. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகளைச் சரித்துப் பல ஊர்களை மண்ணுக்குள் புதைத்தபோது, இந்திய விமானப்படையின் சி-130 ஜே விமானங்கள் நிவாரணப் பொருள்களோடு இலங்கையில் வந்திறங்கின. சிறகை உடலின் உச்சியிலே வைத்திருப்பதால் அவ்விமானத்தின் வயிறு நிலத்தோடு தாழ்ந்திருக்கும். பின்கதவு சரிந்து மண்ணைத் தொடும். வாகனம் நேரே உள்ளே ஏறலாம். துருப்புகளை ஏற்றவும் இதே வடிவந்தான் உதவுகிறது. மாதிரியில் அக்கதவைத் திறந்துவைத்து உள்ளே எதனை அடுக்குவதென்பதைச் செய்பவனே தீர்மானிக்கலாம். தம்பி அரிசி மூட்டைகளைக் களிமண்ணாற் செய்து அடுக்க எண்ணுகிறான். மூன்றடி மூட்டை அரை அங்குலம் வரும். அவ்வறையில் எத்தனை கொள்ளும் என்று பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.