பொதுவில் வைக்குமுன்

தமக்கென ஆக்கிக்கொண்ட ஒன்றைப் பிறர்க்கென வழங்குதல் உயர்ந்த பண்பாகும். ஆயின், வழங்குமுன் அதிலிருந்து எதனை நீக்கலாம், எதனை நீக்கலாகாது என்னும் வினா எளிதன்று. கணினி நிரல் எழுதுவோர், தம் மூலநிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் திறந்துவைக்கும் வழக்கம் இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகின்றது.

நெட்ஸ்கேப் நிறுவனத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. தன் இணைய உலாவியின் மூலநிரலை வெளியிடப் போவதாக அந்நிறுவனம் 1998ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அறிவித்தது. மார்ச் 31ஆம் நாள் வெளியிட்டது. இடைப்பட்ட காலத்தில் பெரும்பணி நடைபெற்றது. உலாவியினுள் பிறர்க்கு உரிமையான கூறுகள் பல இருந்தன. உரியவரிடம் இசைவு கேட்கப்பட்டது. இசையாதவர் பகுதிகள் அகற்றப்பட்டன. செய்திகளை மறைபொருளாக்கும் பகுதி, அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தை முன்னிட்டு விலக்கப்பட்டது. நிரலாளர் தமக்குள் எழுதிவைத்த கடுஞ்சொற்களும் களையப்பட்டன. உரிமத்தின் வரைவுகூடப் பலர் பார்வைக்கும் வைக்கப்பட்டு, எழுந்த மறுப்புகளுக்குப் பின் திருத்தம் பெற்றது.

இவ்வாறு நீக்குவதெல்லாம் நேர்மையாகுமா? சற்று எண்ணிப் பார்ப்போம். பிறர் உடைமையை நீக்குதல் அறம். நமதல்லாததை நாம் ஈய இயலாது. கடுஞ்சொல்லைக் களைதல், விருந்தினர் வருமுன் முற்றத்தைப் பெருக்குதல் போன்றது. பிறர் மறையைக் காத்தலோ இவற்றினும் பெரிய கடமை.

ஓர் ஆசிரியர், பள்ளித் தேர்வுப் புள்ளிகளைக் கணக்கிட ஒரு நிரல் எழுதினார் எனக் கொள்வோம். அதனைச் சோதிக்க மாணவரின் பெயர்களையும் அடையாள அட்டை எண்களையும் அதனுள் இட்டிருந்தார். வெளியிடும் நாளில் அவற்றை அழித்துவிட்டால் போதுமா? போதாது. ‘கிட்’ போன்ற கருவிகள், நிரலின் பழைய படிகள் அனைத்தையும் காத்துவைப்பன. இன்று அழித்ததை நேற்றைய படியில் எவரும் காணலாம். ஆதலின் பழைய படிகளையும் தூய்மை செய்தல் வேண்டும். அன்றேல் அவற்றை விடுத்துப் புதுப்படியாக வெளியிடல் வேண்டும். கடவுச்சொல் ஏதும் அகப்பட்டிருப்பின் அதனை மாற்றிவிடுதலும் வேண்டும். உரிமத்தையும் இணைத்தல் வேண்டும். அஃதின்றேல் காண்பவர்க்கு அதனைத் திருத்திப் பரப்பும் உரிமை கிட்டாது. பொதுவாகக் கொடுப்பவர் நாமாயினும், தவற்றின் விலையைச் செலுத்துவோர் அறியாச் சிறுவராதல் கூடாதன்றோ?

நம் குறைகளை மறைப்பது மேற்கூறிய எவ்வகையிலும் சேராது. ‘இன்னும் செம்மையாகட்டும்’ என்று காலம் கடத்துவோர் பலர். அவர்தம் அச்சம் பயனாளர்க்காக அன்று, தம் புகழுக்காக. நெட்ஸ்கேப் வெளியிட்ட நிரலும் குறையற்றதன்று. இணையப் பக்கங்களை உருவாக்கிக் காட்டும் பகுதியைக் கைவிட்டுப் புதிதாக எழுத, அவ்வாண்டு முடியுமுன்பே முடிவு செய்ய நேர்ந்தது. எனினும் அம்முயற்சியின் வழியே 2004ஆம் ஆண்டு நவம்பரில் பயர்பாக்ஸ் உலாவியின் முதற்பதிப்பு மலர்ந்தது. குறையைத் திறந்துகாட்டியதால்தான் பலர் கைகள் அதில் சேர்ந்தன. தீங்கு தரும் குறை இருப்பின் அதனை எழுதிவைத்தே வழங்கலாம், ஒளித்துவைத்தல் தகாது.

பயிற்சித் தாள்களையும் பாடக்குறிப்புகளையும் அலமாரியில் பூட்டிவைத்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் இது பொருந்தும். பிறர்க்குரியதை நீக்குக, பிறர் மறையைக் காக்க, தம் பிழைக்கு நாணி ஈகையைத் தள்ளிப்போடாதொழிக. பிழையைத் திருத்தப் பின்வருவோர் உண்டு; பூட்டிய அலமாரியைத் திறக்க வருவோர் இலர்.