நூற்றுக்கு மூன்று யார் கொடுப்பது?

கொடுக்கல் வாங்கலில் நீதி யாது என்னும் வினா, சந்தை தோன்றிய நாள்முதல் மனிதனைத் தொடர்ந்து வருகிறது. நிறைகோலிற் கள்ளம் செய்தவனை நமது முன்னோர் இகழ்ந்தனர். அநியாய வட்டி வாங்கியவனைச் சபித்தனர். ஆயினும் நிறைகோலும் வட்டிக்கணக்கும் கண்ணுக்குத் தெரிந்தவை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கழிவு நமது கையிலிருந்து எடுக்கப்படும்போது, எடுத்தவர் யார், எவரைக் கேட்பது என்பனவே முதற் சிக்கலாகிவிடுகின்றன. பல்வைத்திய நிலையங்களிற் கடனட்டைக்கென அறவிடப்படும் மேலதிகக் கட்டணம் அத்தகையது. தொகையிற் சிறிது, அது எழுப்பும் வினாவோ சிறிதன்று.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருவீதியில், எம்பிலிப்பிட்டிய வீதி பிரியும் இடம் பெல்மதுளை. சுற்றிலும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள். இத்தோட்டங்களின் லயங்களில் வாழும் தொழிலாளிக்குப் பல்வலி வந்தால் என்ன நடக்கிறது? அரசாங்க வைத்தியசாலையிற் பல்லைப் பிடுங்கக் காசில்லை. ஆனால் வரிசையில் நின்ற நாளுக்குப் பேரும் இல்லை. பிடுங்குவதாவது எளிது. வேர்ச்சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற வேண்டுமாயின், பெரும்பாலும் நகரத்துத் தனியார் நிலையத்தின் படியேற வேண்டியிருக்கிறது.

தோட்டத்திற் கொழுந்தெடுக்கும் தாய் ஒருவரை, கொழும்பிற் கடையொன்றில் வேலைசெய்யும் மகள் அத்தகைய நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 12,000 ரூபாய். ரொக்கம் கையில் இல்லை. சம்பளம் வந்ததும் கட்டலாமென்று மகள் கடனட்டையை நீட்டுகிறாள். “அட்டையென்றால் நூற்றுக்கு மூன்று கூடும், கணினி தானே சேர்த்துவிடும்” என்கிறார் காசாளர். கூடிய தொகை 360 ரூபாய். தோட்டத் தொழிலாளருக்கென 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதனோடு ஒப்பிட்டால், ‘தானே சேர்ந்த’ தொகை ஒருநாள் உழைப்பில் நாலிலொரு பங்குக்கும் மேலாகிறது.

இப்பணம் எங்கே போகிறது? அட்டையை வழங்கிய வங்கிக்கு ஒரு பங்கு. விசா, மாஸ்டர்கார்ட் போன்ற வலையமைப்புக் கம்பனிகளுக்கு ஒரு பங்கு. நிலையத்துக்கு அட்டை இயந்திரத்தைக் கொடுத்த வங்கிக்கு ஒரு பங்கு. இவையாவும் நிலையத்துக்குச் சேரவேண்டிய தொகையிலிருந்து கழிக்கப்படுகின்றன. அக்கழிவை நோயாளியின் தலையில் ஏற்றுவதே மேலதிகக் கட்டணம். அவ்வாறு அறவிடுவது வர்த்தகர் வங்கியுடன் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு மாறானது என்றும், அறவிடப்பட்டவர் தமது வங்கியிடம் முறையிடலாம் என்றும் இலங்கை மத்திய வங்கி பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது. விதியின் விடை இது. அறத்தின் விடையும் இவ்வளவுதானா?

பல்வைத்தியரின் பக்கத்தையும் கேட்டல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ரூபாயின் மதிப்புச் சரிந்தபோது, இறக்குமதியாகும் மருந்துகளும் கருவிகளும் விலையேறின. “என் கைக்கு வராத பணத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்? அட்டை உங்கள் வசதிக்கல்லவா?” என்று சிறு நிலையம் நடத்துபவர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. அதனினும் முக்கியமான உண்மை ஒன்றுண்டு. மேலதிகக் கட்டணத்தைத் தடைசெய்வதனாற் கழிவு மறைந்துவிடுவதில்லை. அது பொதுவிலைக்குள் கரைந்துவிடுகிறது. அப்போது, அட்டை என்பதே இல்லாமல் மடியிலிருந்து கசங்கிய நோட்டுக்களை எடுத்து எண்ணிக் கொடுக்கும் தொழிலாளியும் அதில் ஒரு பங்கைக் கொடுக்கிறார். வசதியுள்ளவருக்கு அட்டையின்மூலம் கிடைக்கும் சலுகைகளுக்கும் புள்ளிகளுக்கும் வசதியற்றவர் அறியாமலே உதவுகிறார்.

உலக நாடுகள் இவ்விரண்டுக்கும் இடையில் ஊசலாடுகின்றன. அட்டையின் செலவை அட்டைக்காரரே ஏற்கட்டும் என்னும் நோக்குடன் அவுஸ்திரேலிய ரிசேர்வ் வங்கி 2003இல் மேலதிகக் கட்டணத்துக்கு வழிதிறந்தது. பிரித்தானியாவோ 2018 ஜனவரி 13 முதல் அதனைத் தடைசெய்தது. 2025 யூலையில் அவுஸ்திரேலிய வங்கியும் அதனை நீக்கலாமென முன்மொழிந்தது. இந்த ஊசலாட்டத்துக்குக் காரணம் யாது? நோயாளியா, வைத்தியரா, ரொக்கம் கொடுப்பவரா, எவர் சுமப்பது என்று கேட்கிறோமேயன்றி, சுமை ஏன் இவ்வளவு பெரிதாயிருக்கிறது என்று கேட்பதில்லை.

மலையக மக்களுக்கு இது புதிய அனுபவமன்று. பெரிய கங்காணிமார் காலத்தில், வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவென்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. கொழுந்து எடுத்தவர் வேறு; தலையெண்ணிக் காசு பெற்றவர் வேறு. தொழிலாளியின் கடனை எழுதிய ‘துண்டு’ அவரோடு தோட்டம் விட்டுத் தோட்டம் நடந்தது. அந்தத் துண்டுமுறை 1921இற் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. துண்டின் கடனைப் பழைய தோட்டம் ஏற்பதா, புதிய தோட்டம் ஏற்பதா என்று மட்டும் வாதித்துக் கொண்டிருந்திருந்தால், துண்டு ஒழிந்திராது.

பணத்தைப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்ப்பது ஒரு தொண்டே. அதற்குச் செலவுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. கடன் கொடுத்துக் காத்திருப்பதன் செலவும் மோசடியால் வரும் நட்டமும் தொகையோடு ஓரளவு வளரும் என்பதும் உண்மையே. ஆயினும் 12,000 ரூபாயைக் கொண்டுசெல்லும் மின்செய்தி, 1,200 ரூபாயைக் கொண்டுசெல்லும் செய்தியைவிடப் பத்துமடங்கு கனமுடையதன்று. கழிவோ பத்துமடங்காகிறது. செய்த தொண்டுக்குக் கூலி கேட்பது நியாயம்; எவரும் கடந்தே தீரவேண்டிய வாசலில் அமர்ந்திருப்பதற்காகக் கூலி கேட்பது நியாயமன்று.

இனி, சம்மதம் என்பதைச் சிந்திப்போம். சந்தையிற் கத்தரிக்காய் விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். வலியோடு வாயைத் திறந்து நாற்காலியிற் சாய்ந்தவர் எங்கே போவார்? அடைத்த பல்லைத் திருப்பிக் கொடுக்கவும் இயலாது. மறுக்க முடியாத வேளையிற் பெறப்படும் சம்மதம் சம்மதமாகாது. நாற்காலியில் அமருமுன் முழுத்தொகையையும் நோயாளியின் மொழியிற் சொல்லுதல் வைத்தியரின் குறைந்தபட்சக் கடமையாகும்.

‘கணினி சேர்த்துவிடும்’ என்னும் சொல்லையும் நாம் ஏற்பதற்கில்லை. மனிதருக்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவுபோலத் தோன்றும் மாயத்தை, 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். இங்கு அம்மாயத்துக்கு மென்பொருள் என்று பெயர். மென்பொருள் எதையும் தானே சேர்ப்பதில்லை. நூற்றுக்கு மூன்று என்று அதில் எழுதியவர் ஒருவர். அதனை ஏற்று நிலையத்தில் நிறுவியவர் இன்னொருவர். இயந்திரத்தின் பின்னால் மறைந்து நின்று பணம் பெறுபவர், பணத்தோடு பொறுப்பையும் பெறுகிறார்.

வேறு வழி இல்லையா? உண்டு. பிரேசிலின் மத்திய வங்கி 2020 நவம்பரில் ‘பிக்ஸ்’ என்னும் கொடுப்பனவு முறையைத் தானே நிறுவி, தனிமனிதர் கட்டணமின்றிப் பணம் செலுத்த வழிசெய்தது. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் யூ.பி.ஐ. கொடுப்பனவுக்கு வர்த்தகரிடம் கழிவு பெறுவது நிறுத்தப்பட்டது. அதன் செலவின் ஒரு பகுதியை அரசு ஏற்றது. இலங்கையிலும் 2018இல் ‘லங்கா கியூ.ஆர்.’ முறை தொடங்கப்பட்டது. வீதியும் தபாலும் பொதுவுடைமையாக இருப்பதை இயல்பென்று கருதும் நாம், பணம் செல்லும் பாதையும் அவ்வாறாகலாம் என்பதை ஏன் கனவென்று கருதவேண்டும்?

எனவே, மேலதிகக் கட்டணத்தைத் தடைசெய் என்பதோடு நமது கோரிக்கை நின்றுவிடலாகாது. கழிவு எவ்வளவு, எவருக்கு என்பது பற்றுச்சீட்டில் வெளிப்படையாக எழுதப்படல் வேண்டும். கழிவுக்கு உச்சவரம்பு வேண்டும். கட்டணமற்ற பொதுக் கொடுப்பனவு முறை தோட்டப்புறம்வரை எட்டவேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, நாட்சம்பளத்தை இழக்காமற் பல்லைக் காப்பாற்றிக்கொள்ளும் பொதுச் சிகிச்சை தோட்டத்துக்கே வரவேண்டும். ஆசிரியரும் மாணவரும் இதனை வகுப்பறையிற் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்: 12,000 ரூபாய்க்கு நூற்றுக்கு மூன்று எவ்வளவு, அதற்கு எத்தனை மணிநேரம் கொழுந்தெடுக்க வேண்டும் என்று. விடையைக் கண்ட பிள்ளை, அடுத்ததாக ‘ஏன்’ என்று கேட்கும். அக்கேள்விக்கு விடைசொல்லும் கடமை நம்முடையது.