ஹலாலான காசுக்கும் கணக்கு உண்டு

அல்ஹம்து லில்லாஹ்! வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லித் தொடங்குகிறேன்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! சில நாட்களுக்கு முன் ஒரு கல்லூரி விடுதி மாணவர்கள் என்னை அழைத்திருந்தார்கள். தேவைக்கு மேல் நாம் ஏன் வாங்கிக் குவிக்கிறோம், அதனால் என்ன ஆகிறது என்பதுதான் அன்றைய பேச்சு. ஒவ்வொருவரும் தம் சட்டைகளை எண்ணிவிட்டு வந்திருந்தார்கள். பழையது கிழிந்ததால் வாங்கியவை கொஞ்சம்தான். அறைத் தோழன் வாங்கினான், தள்ளுபடி அன்றோடு முடிகிறது என்று வாங்கியவையே அதிகம். ஒருவரை ஒருவர் மிஞ்சும் இந்த ஆசைக்குக் குர்ஆன் வைத்த பெயர் தகாஸுர். அந்தப் பெயரிலேயே ஒரு சூரா இருக்கிறது.

ஒரு மாணவர் எழுந்தார். "ஹஜ்ரத், எங்க அத்தா ஹலாலாகச் சம்பாதிக்கிறார், ஜகாத்தும் கொடுக்கிறார். யாருக்கும் கெடுதல் செய்யாமல் நான் பத்துச் சட்டை வாங்கினால் என்ன குற்றம்?" என்றார்.

நம்மில் பலர் மனதிலும் இருக்கும் கேள்விதான். மறுமையில் செல்வத்தைப் பற்றி இரண்டு விசாரணை உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது திர்மிதியில் பதிவாகியுள்ளது. எப்படி வந்தது என்பது ஒன்று, எதில் போனது என்பது மற்றொன்று. ஹலாலான சம்பாத்தியம் முதலாவதற்குப் பதில். இரண்டாவது அப்படியே நிற்கிறது.

சரி, யாருக்கும் கெடுதல் இல்லையா? பருத்தி விளைவதில் தொடங்கி, ஒரு டீ-சர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாவதாகக் கணக்கிடுகிறார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கியது. விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டன. கடையில் நாம் கொடுத்த விலையில் அந்த விவசாயியின் ஹக் சேரவில்லை.

இதைச் சொன்னதும் ஒரு திருப்பூர்ப் பிள்ளை கேட்டார்: "2011-ல் கோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடியபோது எங்க அத்தாவுக்கு வேலை போச்சு. எல்லோரும் வாங்குவதை நிறுத்தினால் நாங்கள் எங்கே போவது?"

உண்மையைச் சொல்கிறேன், அவருக்கு என்னால் முழுப் பதில் தர முடியவில்லை. இவ்வளவுதான் சொன்னேன்: "தம்பி, மார்க்கம் வாங்காதே என்று சொல்லவில்லை, வரம்பு மீறாதே என்றுதான் சொல்கிறது. மலிவாகப் பத்து வாங்கி எறிவதைவிட, தொழிலாளிக்குக் கூலியும் கழிவைச் சுத்திகரிக்கும் செலவும் சேர்ந்த விலையைக் கொடுத்து, இரண்டு வாங்கி நெடுநாள் உடுத்துவது நீதிக்கு நெருக்கமானது."

இன்னொன்றும் இருக்கிறது. ஸஃது (ரலி) அவர்கள் ஒளூச் செய்கையில் தண்ணீரை அதிகம் செலவழித்ததை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். ஒளூவிலுமா வீண்விரயம் என்று அவர் கேட்க, ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் அப்படித்தான் என்றார்கள். இப்னு மாஜாவில் உள்ள செய்தி இது. யோசியுங்கள். ஆறு வற்றாது, யாருக்கும் நஷ்டமில்லை. பிறகு ஏன் தடை? அளவு தெரியாத கை, அளவு தெரியாத உள்ளத்தை உண்டாக்குகிறது. கெடுவது ஆறு மட்டுமல்ல, நாமும்தான்.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில் ஒளூவை முடித்திருக்கிறார்கள். நம் பள்ளிக் குழாயில் நாம் எவ்வளவு திறந்துவிடுகிறோம்? மாணவர்களுக்கு உபதேசம் செய்துவிட்டு வீடு திரும்பிய நான் என் அலமாரியைத் திறந்தேன். இரண்டு பெருநாளாக உடுத்தாத ஜுப்பாக்கள் தொங்கின. வெட்கமாக இருந்தது.

இந்த வாரம் கடைக்குப் போகுமுன் அலமாரியைத் திறங்கள். உடுத்தாததில் நல்லதை எடுத்து, இல்லாதவருக்கு மரியாதையாகக் கொடுங்கள்.

யா அல்லாஹ்! நீ தந்த நிஃமத்துகளுக்குக் கணக்குச் சொல்ல முடிந்தவர்களாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்! வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.