நான்கெழுத்தும் பாவு நூலும்

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் குறைந்துபோன ஒரு தெரு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அங்கே வீட்டுக் குழித்தறியில் இன்னும் உட்காருகிறார். அன்று அவரைத் தேடி வந்தவன் பத்தாம் வகுப்பில் அவரிடம் படித்தவன். இப்போது மர்ம நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறான். யூதர்களின் கபாலா மரபில் மறைக்கப்பட்ட கடவுளின் பெயர், அதைத் தேடி அடுத்தடுத்துக் கொலைகள், கடைசியில் உடைபடும் ரகசியம். முக்கால்வாசி எழுதியாகிவிட்டது, முடிவுதான் பிடிபடவில்லை.

"அந்தப் பெயர் யார் கையில் கிடைக்க வேண்டும் அய்யா?"

அறுந்த இழையை முடிச்சுப் போட்டபடியே ஆசிரியர் சொன்னார்: "போர்ஹெஸ் 1942-லேயே இதை எழுதிவிட்டார் தம்பி, 'மரணமும் திசைகாட்டியும்' என்ற சிறுகதையில். ஒரு யூத அறிஞர் கொல்லப்படுகிறார். பெயரின் எழுத்துகளைக் கொலைகளோடு சேர்த்துக் கணக்குப் போடுகிறான் துப்பறிபவன். அந்தக் கணக்கே அவனுக்கு வைத்த பொறி. நான்காவது இடத்தில் சாகப்போவது அவன்தான்."

"அப்படியானால் ரகசியம் என்று ஒன்றுமே இல்லையா?"

"இருக்கிறது. ஆனால் யாரும் அதை ஒளித்து வைக்கவில்லை."

அவனுக்குப் புரியவில்லை. ஆசிரியர் தறியைக் காட்டினார். மிதியை அழுத்தியதும் பாவு இரண்டாகப் பிரிந்தது. நடுவே நாடா ஓடியது. "பார்க்கிறவன் கண் நாடாவோடு ஓடுகிறது. பூ விழுவது ஊடையில். எல்லாரும் பூவைத்தான் பார்ப்பார்கள். பாவோ முதல் இழையிலிருந்து கடைசி முழம் வரை கண்ணெதிரே கிடக்கிறது. அது இல்லாமல் பூ எதன்மேல் நிற்கும்?"

பிறகு பெயருக்கு வந்தார். எபிரேயத்தில் அது நான்கு எழுத்து: யோத், ஹே, வாவ், ஹே. 'இருத்தல்' என்ற வினையின் வேரோடு அந்தச் சொல் சேர்ந்தது. எரியும் முட்செடியின் முன் நின்ற மோசே பெயர் கேட்டபோது கிடைத்த 'இருக்கிறேன்' என்ற விடையும் இருப்பைத்தான் சொல்கிறது. யாத்திராகமத்தின் அந்த இடத்தையும், அமைதியாய் இருந்து கடவுளை அறியச் சொல்லும் சங்கீதத்தையும் ரமண மகரிஷி பலமுறை எடுத்துக் காட்டியிருக்கிறார். வேதாந்தத்தின் சாரம் அவற்றில் இருக்கிறது என்பது அவர் கருத்து. அந்த ரமணர் 1879 டிசம்பர் 30-ல் பிறந்தது இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கும் திருச்சுழியில்.

"யூதர்களின் ஆண்டவரும் வேதாந்தத்தின் 'நானும்' ஒன்றென்று ரபிகள் ஒத்துக்கொள்வார்களா?"

"மாட்டார்கள். அதை விடு."

"ரகசியம் உடையாவிட்டால் வாசகர் ஏமாந்துபோவாரே? 'மர்மதேசம்' தொடருக்கு ஊரே டிவி முன்னால் உட்கார்ந்தது."

"நானும்தான் உட்கார்ந்தேன். அதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் கெட்டிக்காரர். அடுத்ததைக் கேள்."

அடுத்ததுதான் அவனை உண்மையாக அரித்த கேள்வி. "எல்லாருக்கும் தெரிந்த 'இருக்கிறேன்' தான் அந்தப் பெயர் என்றால், எருசலேம் ஆலயத்தில் பிரதான ஆசாரியர் மட்டும், யோம் கிப்பூர் நாளில் மட்டும் அதை ஏன் உச்சரித்தார்? கேட்ட மக்கள் ஏன் தரையில் விழுந்தார்கள்? கி.பி. 70-ல் ரோமர்கள் ஆலயத்தை இடித்த பிறகு அந்த உச்சரிப்பே மறைந்துபோனது. இன்றும் அந்த எழுத்துகள் வரும் இடத்தில் 'அதோனாய்' என்றுதான் வாசிக்கிறார்கள். யூதர்களின் தல்முட் நூலில் நான்கு அறிஞர்கள் சோலைக்குள் நுழைகிறார்கள். ஒருவர் சாகிறார், ஒருவர் சித்தம் கலங்குகிறார், ஒருவர் செடிகளை வெட்டி மரபை விட்டே விலகுகிறார். அகிவா ஒருவர்தான் நல்லபடியாக வெளியே வருகிறார். வெளிப்படையான ஒன்றுக்கு இவ்வளவு காவலும் இவ்வளவு ஆபத்தும் ஏன் அய்யா?"

ஆசிரியர் நாடாவைக் கீழே வைத்தார்.

"உன் அப்பத்தா உன் தாத்தா பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? ரேஷன் கார்டில் அச்சடித்திருக்கிறது. ஊருக்கே தெரியும். ஓட்டுப் போடப் போன இடத்தில் அதிகாரி கேட்டால்கூட, பக்கத்தில் நிற்கிற பிள்ளையைத்தான் சொல்லச் சொல்லுவார். பெயரை யாரும் களவாடிவிடுவார்கள் என்றா அப்படிச் செய்தார்? அவருக்கு அது வாயில் புரளவிடும் சொல் இல்லை. திருட்டுப் போகும் என்று மறைப்பது வேறு, தேய்ந்துபோகக் கூடாது என்று மறைப்பது வேறு. மர்மக் கதைக்குத் தெரிந்தது முதலாவது மட்டும்."

சோலையின் ஆபத்துக்கும் இதே விடைதான். பாவைத் தனியாக உருவி எடுத்துக்கொண்டு போகலாம் என்று கை வைத்தால் துணியே குலைந்துவிடும். உள்ளே போவதில் ஆபத்தில்லை. கைப்பற்றி வரலாம் என்று போவதில்தான் ஆபத்து.

கைப்பற்றப் புறப்பட்டவர்களின் வரலாறும் இருக்கிறது. கபாலாவின் தலையாய நூல் சோஹர். அரமேய மொழியில், இரண்டாம் நூற்றாண்டு ஞானி ஷிமோன் பார் யோஹாயின் பெயரில், பதின்மூன்றாம் நூற்றாண்டு ஸ்பெயினில் அது வெளிவந்தது. அதன் மூலச் சுவடியைப் பார்க்கவேண்டும் என்று அக்கோ நகரத்து ஈசாக் என்பவர் ஸ்பெயினுக்குப் போனார். நூலைப் பரப்பிய மோசே டி லியோனைச் சந்தித்தார். ஆவிலா ஊரில் தன் வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன் என்றார் அவர். வீடு போய்ச் சேரும் முன்பே, 1305-ல், டி லியோன் வழியில் இறந்துபோனார். மூலச் சுவடி என்று ஒன்று இருந்ததே இல்லை, எல்லாம் அவர் சொந்தமாக எழுதியது, ஞானியின் பெயர் போட்டால் நல்ல விலை போகும் என்றுதான் அப்படிச் செய்தார் என்று அவர் மனைவி சொன்னதாக ஈசாக்குக்குச் செய்தி வந்தது. இருபதாம் நூற்றாண்டில் கபாலா ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம் அந்த அரமேய நடையை ஆராய்ந்து, பெரும்பகுதி டி லியோன் எழுதியதே என்ற முடிவுக்கு வந்தார். அகத்தியர் பெயரில் பின்னாளில் வந்த பாடல்களை அறிந்த நமக்கு இது புதிதல்ல. சுவடி பொய்யானதால் சோஹரை ஓதுவது நின்றுவிடவுமில்லை. ஓதியவர்கள் பிடித்துக்கொண்டிருந்தது சுவடியை அல்ல.

பின்னாளில் ரமணரான, இந்தப் பக்கத்துப் பையன் வெங்கடராமனிடம் சுவடியும் இல்லை, தீட்சை கொடுக்கக் குருவும் இல்லை. 1896 ஜூலையில், மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டு மாடியில், 16 வயதில், திடீரென்று மரண பயம் பிடித்துக்கொண்டது. பிணம்போல் கைகால் நீட்டிப் படுத்தான். உடம்பு செத்தால் சாவது எது என்று பார்த்தான். நாடா நின்ற தறியில் பாவு தெரிவதுபோல 'நான்' மட்டும் தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்துவிட்டான்.

பெயரைத் தேடும் மரபிலிருந்தும் அங்கே ஆட்கள் வந்தார்கள். வார்சாவில் பிறந்த யூதப் பொறியாளர் மாரிஸ் ஃபிரிட்மன் கேள்வி பதில்களைத் திரட்டினார். அவை 1939-ல் நூலாக வந்து கடைகளில் விற்றன. 1936-ல் ஈராக்கிய யூதர் எஸ். எஸ். கோஹென் வந்தார். கோஹென் என்பது எபிரேயத்தில் ஆசாரியரைக் குறிக்கும் சொல். ஆண்டுக்கு ஒருநாள் அந்தப் பெயரை உச்சரிக்கும் உரிமை இருந்த குலத்தின் பெயர் அது. அந்தப் பெயரோடு வந்தவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை, மாற்றச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. எல்லாரும் வந்துபோகும் கூடத்தில், திருச்சுழிக்காரரின் எதிரே, மற்றவர்களோடு தரையில் பேசாமல் உட்கார்ந்தார்.