உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை

1954இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் ஒரு வாகன விபத்தில் சிக்கினார். முதுகுத் தண்டுவடம் அடிபட்டு, கால்கள் செயலிழந்தன. அதன்பின் நடந்த ஒன்றுதான் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அங்கே செய்துவந்த பால் பிராண்ட், அந்த வேலைக்கு அவரை ஊக்கப்படுத்தினார். கையில் செய்யும் அறுவை சிகிச்சைக்கு மருத்துவர் நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே அதைச் செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, 1966இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தை வளர்த்தெடுத்தார். எல்லோரும் அவருடைய மன உறுதியைப் புகழ்கிறார்கள். புகழட்டும். ஆனால் உட்கார்ந்தே செய்யக்கூடிய ஒரு வேலையை யாரோ ஒருவர் அவருக்காக யோசித்தார் என்பதை ஏன் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை?

மேரியைப் போலத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேரிடம் மருத்துவரீதியாகக் கவனிக்க வேண்டிய மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பொதுமக்களை விட இது மிக அதிகம். அதே கணக்கை மறுபக்கம் திருப்பினால், பெரும்பாலானவர்கள் அந்த நிலைக்குப் போகவில்லை. அடிபட்ட தண்டுவடம் மட்டுமே மனத்தை முறிக்கிறது என்றால் அவர்கள் எப்படித் தப்பினார்கள்? விடையில் ஒரு பங்காவது, அடிபட்டவர் திரும்பிப் போகும் வீட்டில் இருக்கிறது.

வடசென்னையில் அந்த வீட்டைப் பாருங்கள். சாரத்திலிருந்து விழுந்தவரும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரியில் அடிபட்டவரும் திரும்பிப் போவது காசிமேட்டுச் சந்துக்கோ, லிஃப்ட் இல்லாத பழைய ஹவுசிங்போர்டு மாடிக்கோதான். வீல்சேர் குளியலறைக் கதவுக்குள் நுழையாது. கீழே இறங்க இரண்டு பேர் தூக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மனைவியையோ மகனையோ கூப்பிடக் கூசி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும், காய்ச்சல் வரும், மறுபடி ஆஸ்பத்திரி. வீட்டைத் தாங்கிய சம்பளம் நின்றுபோன மனிதர், ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடக் கணக்குப் பார்த்துக் குடிக்கிறார். பார்க்க வருகிறவர்கள் 'மனசைத் தளர விடாதீங்கண்ணே' என்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தச் சொல், பொறுப்பு முழுவதையும் படுத்திருப்பவர் மேலேயே ஏற்றிவிடுகிறது.

ஆய்க்குடி ராமகிருஷ்ணனைப் பாருங்கள், கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையிலும் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினாரே, அது மன உறுதி இல்லையா என்று கேட்கலாம். உறுதிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த உறுதியைக் கொண்டு அவர் கட்டியது என்ன? மற்ற மாற்றுத்திறனாளிகளுக்குப் படிப்பும் பயிற்சியும் வேலையும் தரும் இடத்தை. உறுதி மட்டும் போதும் என்று அவரே நினைத்திருந்தால் அந்த இடம் எதற்கு?

இன்னொரு மறுப்பு கனமானது. சாய்தளமும் அகலமான கதவும் வந்துவிட்டால் துயரம் தீர்ந்துவிடுமா? தீராது. இழந்த உடலுக்கான துக்கம் இருக்கும். விடாத நரம்பு வலி இருக்கும். மனச்சோர்வு ஒரு நோய், அதற்கு ஆலோசனையும் மருந்தும் வேண்டும். வசதி எல்லாம் இருந்தும் இருண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். துயரத்தில் எவ்வளவு உடம்பால் வந்தது, எவ்வளவு படிக்கட்டால் வந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிரிக்க முடியுமா என்பதிலும் தெளிவில்லை.

ஆனால் படிக்கட்டை மாற்றுவதற்கு அந்தத் தெளிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருகிறார். காலை நீட்டி மடக்கிவிட்டுக் கிளம்பும் முன், இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், கடைசியாக எப்போது வெளியே போனீர்கள் என்று அவர் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பு மனநல மருத்துவருக்கும் போகட்டும், வீட்டுவசதித் துறைக்கும் போகட்டும். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியானால், மேல்மாடியில் முடங்கிக் கிடப்பவரிடம் முதலில் கேளுங்கள்.