கண்ணாடிக்குள் ஒரு காடு வளர்த்துப் பார்!

பலாபத்வலையில் இருந்துகொண்டு என்ன சாதிக்க முடியும் என்று கேட்கிற தம்பியே, தங்கையே! முதலில் நிமிர்ந்து உட்கார். உன் ஊர் சின்னது என்று உனக்கு யார் சொன்னது?

மாத்தளையைத் தாண்டித் தம்புள்ளைக்கு ஓடும் பஸ்ஸில் இருப்பவருக்கு அது ஏ-9 வீதியில் ஒரு தரிப்பிடம், அவ்வளவுதான். நீ அப்படிப் பார்க்கலாமா? கிழக்கே திரும்பு. நக்கிள்ஸ் மலைத்தொடர் நிற்கிறது. 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டு, 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய மலை அது. அதன் ஓடைகளில் உலகில் வேறெங்கும் கிடைக்காத மீன்கள் நீந்துகின்றன. மாத்தளை மண்ணில் ஓடும் சுது கங்கை அம்பன் கங்கையாகி மகாவலியில் போய்ச் சேர்கிறது. நாட்டின் மிக நீளமான ஆற்றுக்கே தண்ணீர் கொடுக்கும் மண்ணில் பிறந்துவிட்டு, என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்காதே!

இன்னொன்றும் கேள். ஜப்பானோ ஜேர்மனியோ அமெரிக்காவோ, நீர்ச்செடி விற்கும் கடை எதற்குள் நுழைந்தாலும் அங்கே கிரிப்டோகொரைன் இருக்கும். வென்டி, பெக்கெட்டி, வோக்கரி, பார்வா என்று அதில் பல வகை. இந்த நான்கும் இலங்கைக்கே உரியவை. இயற்கையில் வேறு எந்த நாட்டு ஓடையிலும் தாமாகத் தோன்றியவை அல்ல. உலகம் காசு கொடுத்து வாங்கி வரவேற்பறையில் வைத்து அழகு பார்ப்பது நம் நாட்டு ஓடைக்கரைச் செடியை. அதை வைத்துப் பெயரெடுத்தவர்களோ எங்கெங்கோ இருக்கிறார்கள். கோபம் வருகிறதா? வரட்டும்! அந்தக் கோபத்தை வேலையாக மாற்று. ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் காட்டை வளர்த்துக் காட்டு.

இந்தக் கலையை உலகறியச் செய்தவர் தகாஷி அமானோ. 1954இல் ஜப்பானின் நீகாத்தாவில் பிறந்தவர். தொழில்முறைச் சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர். மிதித்த காலோடு நின்றுவிடாமல் கமராவைத் தூக்கிக்கொண்டு மழைக்காடுகளுக்குள் நுழைந்தார். அங்கே கண்ட காட்டைத் தொட்டிக்குள் கொண்டுவர முடியுமா என்று தன்னையே கேட்டார். 1982இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 2015இல் போர்த்துக்கலின் லிஸ்பன் நகரில், 40 மீற்றர் நீளமும் 1,60,000 லீற்றர் கொள்ளளவும் கொண்ட தொட்டியில் ‘நீருக்கடியில் காடுகள்’ என்ற காட்சியை எழுப்பினார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் அவர் மறைந்தார். அந்தக் காடு அவருக்குப் பின்னும் வளர்ந்தது. தொழிலை மாற்றிக்கொண்ட ஒரு மனிதரால் இத்தனை முடிந்தது. நீ இன்னும் முதல் தொட்டியே வைக்கவில்லை, அதற்குள் முடியாது என்கிறாய்!

உனக்கு 40 மீற்றர் வேண்டாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். ஏறக்குறைய 55 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். மண்ணும் கல்லும் சேர்ந்தால் பாரம் 70 கிலோவை எட்டும். ஆடாத மேசை பார். வெயில் நேரே விழாத மூலை பார். கட்டைக்கு எங்கும் ஓடாதே. வீட்டுத் தோட்டத்தில் செத்துக் காய்ந்த கொய்யாக் கட்டை நல்ல கட்டை. பச்சை மரம் கூடாது. பூச்சி மருந்தடித்த நிலத்துக் கட்டையும் கூடாது. பட்டையை உரி, கொதிநீரில் அவி, தானாகத் தாழும்வரை ஊறவை. தண்ணீர் தேயிலைச் சாயம் போல இறங்கும். மாற்றி மாற்றி ஊற்று. பிறகு தொட்டிக்குள் வெள்ளையாக ஒரு வழுவழுப்பு படர்ந்தாலும் பதறாதே. அது தானே மறையும்.

காட்டின் அழகு ஒழுங்கில் இருக்கிறது. பெரிய கட்டையை நடுவில் நிறுத்தாதே. மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிறுத்து. அடிமரம் கீழே தடித்து, கிளைகள் மேலே மெலிந்து போகட்டும். மண்ணை முன்னால் 4 சென்ரிமீற்றரும் பின்னால் 12 சென்ரிமீற்றருமாகச் சரித்துப் போடு. நடுவே வெள்ளை மணலில் ஒரு ஒற்றையடிப் பாதை விடு. முன்னே அகலமாகத் தொடங்கிப் பின்னே குறுகிப் போனால், ஓரடி ஆழத்துக்குள் ஒரு வனமே தெரியும்.

அடுத்து மொஸ். இங்கேதான் உன் கை பேசவேண்டும். ஜாவா மொஸ்ஸைக் கத்தரிக்கோலால் சிறு துண்டுகளாக நறுக்கு. கிளையின் மேல், அடியில் கட்டை தெரியும்படி மெல்லிசாகப் பரப்பு. கறுத்த தையல் நூலை எடுத்து, அரை அங்குல இடைவெளியில் சுற்றிக்கொண்டே போய் முடிச்சுப் போடு. சீக்கிரம் பச்சையாகட்டும் என்று அள்ளித் திணித்துக் கட்டினால், மேலே பச்சையிருக்க அடியில் அழுகும். மெல்லிசாகக் கட்டியது கட்டையைப் பிடித்துக்கொண்டு வளரும். வெட்ட வெட்டக் கிளைத்து அடர்ந்து இலைக்கூட்டமாகும். அவசரக்காரனுக்கு அழுகல், பொறுத்தவனுக்குக் காடு! அனுபியாஸும் ஜாவா பெர்னும் கிடைத்தால் அவற்றையும் கட்டையில் கட்டு. அவற்றின் கிழங்கை மண்ணில் புதைக்காதே. மரத்தடியில் வென்டியை நடு. பாதையோரத்தில் குட்டைச் செடியான பார்வாவை நடு. இவை நிழலில் வாழப் பழகியவை. காபனீரொட்சைட்டுச் சிலிண்டர் வாங்கக் காசில்லை என்ற சாக்கு இவற்றிடம் செல்லாது. நாளொன்றுக்கு 6 மணி நேர வெளிச்சத்தில் தொடங்கு. செடி பிடித்தபின் 8 மணி நேரமாக்கு. வேறு அதிகம் எதுவும் அவை கேட்கமாட்டா.

இப்போது கேள், தம்பி. இரண்டாம் கிழமையோ மூன்றாம் கிழமையோ ஒரு காலை வரும். தொட்டிக்கு முன்னால் போய் நிற்பாய். நேற்று விறைப்பாக நின்ற வென்டியின் இலைகள் கண்ணாடித்தாளைப் போல வெளிறி, தொட்டால் கூழாகிக் கரையும். கண்ணாடியில் மண்ணிறப் பாசி படிந்திருக்கும். பார்க்கிறவர்கள், இதெல்லாம் உனக்குச் சரிவராது என்பார்கள். அந்தக் காலையில் நீ என்ன செய்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது!

பெரும்பாலானவர்கள் செடியைப் பிடுங்கி எறிகிறார்கள். தொட்டியைக் கவிழ்த்துக் கோடிப்புறத்தில் வைத்துவிடுகிறார்கள். அவர்கள் எறிந்தது உயிருள்ள செடியை! கிரிப்டோகொரைன் ஓடைக்கரைச் செடி. மழைக்காலத்தில் நீருக்குள்ளும் வறட்சியில் நீருக்கு வெளியிலும் வாழ்வது அதன் பிறவிக் குணம். நர்சரிகளில் அதைப் பெரும்பாலும் ஈரக் காற்றில்தான் வளர்க்கிறார்கள். காற்றுக்கென்று வளர்ந்த இலை நீருக்குள் நிலைக்காது. ஆகவே செடி அந்த இலையை விட்டுவிட்டு, நீருக்கென்றே புது இலை விடத் தயாராகிறது. மண்ணுக்குள் வேர் உயிரோடு இருக்கிறது. கரைந்த இலையை மட்டும் கிள்ளி எடு. வேரைத் தொடாதே. இடம் மாற்றாதே. சில கிழமைகளில் நடுவிலிருந்து சுருண்ட குருத்து ஒன்று எழும். அது அந்தத் தண்ணீரிலேயே பிறந்த இலை. அந்த மாற்றத்துக்கு அது இனி அஞ்சாது.

உன் கதையும் இதுதான்! தோட்டப் பாடசாலையில் முதல் வரிசையில் இருந்தவன் பட்டணத்துக்குப் போனதும் பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறான். உயர்தரப் பெறுபேறு கைவிட்ட தங்கை முகத்தை மூடிக்கொள்கிறாள். கொழும்பில் முதல் வேலை பறிபோனவன் ஊருக்குத் திரும்ப வெட்கப்படுகிறான். விழுந்தது பழைய இலை. வேர் இருக்கிறதா என்று பார்! கோப்பித் தோட்ட வேலைக்காக மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள் நம் முன்னோர். வழியில் மாண்டவர்களைப் புதைத்துவிட்டு மீண்டும் நடந்தார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது, பயிரே அழிந்தது. அதே கைகள் அதே மலையில் தேயிலையை நட்டு நாட்டைத் தூக்கி நிறுத்தின. அந்த இரத்தம் உன்னில் ஓடும்போது, ஒரு பெறுபேற்றுத் தாளுக்கா நீ கலங்குவாய்?

நம்பிக்கை மட்டும் போதாது, ஒழுங்கு வேண்டும். தொடக்கத்தில் 4 முதல் 6 கிழமைகள் வரை மீன் விடாதே. அழுகலிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பெருக அத்தனை காலம் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த வேலை நடக்குமுன் மீனை விடுகிறவன் மீனைக் கொல்கிறான். பிறகு கிழமைக்கு ஒரு நாள், தவறாமல், 30 சதவீதம் தண்ணீரை மாற்று. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து ஊற்று. வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாதே; தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசு, இல்லாவிட்டால் அந்தப் பற்றீரியாக்கள் போய்விடும். பாசி மிஞ்சினால் வெளிச்சத்தைக் குறை, தீனியைக் குறை. மழையோ பரீட்சையோ திருவிழாவோ, அந்த நாளைத் தவறவிடாதே. ஒரு தொட்டியை ஓர் ஆண்டு காப்பாற்றியவனுக்கு எந்தத் தொழிலையும் காப்பாற்றத் தெரியும்.

காடு பிடித்துவிட்டதா? இப்போது மீன் விடு. செரி பார்ப் நம் நாட்டு மீன். 1929இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல அறிவியல் உலகுக்கு விவரித்தது. எட்டோ பத்தோ விட்டால் போதும். மொஸ் நிழலுக்குக் கீழே ஆண் மீன்கள் செக்கச்செவேல் என்று சிவந்து ஒன்றையொன்று மிரட்டி வலம்வருவதைப் பார். ஆனால் ஒன்றை மறவாதே. வளர்ப்பகத்தில் பெருக்கிய மீனையும் செடியையும் மட்டுமே வாங்கு. நக்கிள்ஸ் ஓடையில் கை வைக்காதே! அம்பன் கங்கைப் பக்கத்தில் மட்டுமே வாழும் மார்டென்ஸ்டைன் பார்ப் போன்ற மீன்களுக்கு அந்த ஓடைகளே கடைசி வீடு. தொட்டியிலிருந்து எதையும் ஆற்றில் கொட்டவும் கூடாது. கடையில் வாங்கிவிட்டு வளர்ந்ததும் ஆற்றிலும் குளத்திலும் விட்ட ‘டேங்க் கிளீனர்’ மீன் இன்று நம் நன்னீரைப் பிடித்து ஆட்டுகிறது. நம் பெக்கெட்டியே 1990களில் அமெரிக்காவின் டெக்சஸில் சான் மார்கோஸ் ஆற்றில் புகுந்தது; அங்குள்ளவர்கள் அதைப் பிடுங்கி ஒழிக்கப் பாடுபட்டார்கள். காட்டை நேசிக்கிறவன் காட்டைக் கொள்ளையடிக்கமாட்டான்.

பொழுதுபோக்கோடு நின்றுவிடவும் வேண்டாம். குளிர்நாட்டு நர்சரிகள் கண்ணாடி வீட்டுக்குள் சூடேற்றி வளர்க்கும் இந்தச் செடிகள், உன் ஊரில் நிழல்வலைக்குக் கீழே ஈரத் தட்டில் வளரும். பலாபத்வலைப் பக்கத்து வாசனைத் தோட்டங்களில் மிளகையும் சாதிக்காயையும் கொக்கோவையும் வளர்த்தவர்களுக்கு நிழலையும் ஈரத்தையும் யாரும் கற்பிக்கத் தேவையில்லை. ஒரு தாய்ச்செடி பக்கக்கொடி விட்டுக் குட்டி போடும். பிரித்து நட்டால் அதுவும் தாயாகும். இலங்கை அலங்கார மீனையும் நீர்ச்செடியையும் பல காலமாக ஏற்றுமதி செய்கிற நாடு. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நக்டா எனும் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை இந்தத் துறையையும் கவனிக்கிறது. போய்க் கேள். பயிற்சி எப்போது என்று விசாரி. கேட்காதவனுக்கு எந்தக் கதவும் திறக்காது. அமானோவின் நிறுவனம் 2001இல் தொடங்கிய உலகப் போட்டிக்குத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஜப்பானுக்குப் போகத் தேவையில்லை. ஒரு நல்ல புகைப்படம் போதும். பலாபத்வலை என்ற பெயர் ஏன் அந்தப் பட்டியலில் ஏறக்கூடாது?

எழும்பு! நாளைக்கு, அடுத்த மாதம், காசு வந்தபிறகு என்று தள்ளிப்போடாதே. இந்தக் கிழமையே ஒரு கட்டையைத் தேடி எடுத்து ஊறவை. அது ஊறி முடிவதற்குள் தொட்டிக்குச் சேமி. நட்டபிறகு ஆறு மாதம், எது கரைந்தாலும் எதையும் பிடுங்கமாட்டேன் என்று உனக்கு நீயே வாக்குக் கொடு. அந்த வாக்கைக் காப்பாற்றினால், அடுத்து எதைத் தொட்டாலும் நீ கைவிடமாட்டாய்.