யாயாவுக்கு என்ன பதில் சொல்வது?

இலங்கையின் தெமோதரையில் தீபாவளிக்கு எங்கள் லயத்திலிருந்து வேதக்காரர் வீடுகளுக்குப் பலகாரத் தட்டு போகும். நத்தாருக்கு அங்கிருந்து கேக் வரும். யார் சாமி உண்மை என்று எந்த வாசலிலும் யாரும் கேட்டதில்லை. கிரேக்க மொழியிலும் அதற்கேற்ற ஒரு வாழ்த்து இருக்கிறது: ‘ஹ்ரோனியா பொலா’, பல்லாண்டு வாழ்க. நத்தார், பெயர் நாள், பிறந்த நாள் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். சைப்ரஸில் லிமசோல் நகரத்தில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளப் போன நான் முதலில் மனப்பாடம் செய்தது அதைத்தான். அங்கே பாட்டியை யாயா என்பார்கள். எனக்கும் அவர் யாயாதான்.

ஈஸ்டர் வாழ்த்து அப்படியில்லை. பெரிய சனிக்கிழமை நள்ளிரவில் கோயில் விளக்குகளையெல்லாம் அணைத்துவிடுவார்கள். பாதிரியார் ஒற்றைச் சுடரோடு வருவார். ஒரு மெழுகுதிரியிலிருந்து அடுத்ததற்கு என்று அந்தத் தீ முற்றத்துச் சனம்வரை வந்துவிடும். ‘ஹிரிஸ்தோஸ் அனெஸ்தி’, கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று ஒருவருக்கொருவர் சொல்வார்கள். பதில் ‘அலிதோஸ் அனெஸ்தி’, மெய்யாகவே உயிர்த்தெழுந்தார். அதன் பிறகு நாற்பது நாளைக்கு ரொட்டிக் கடையிலும் தொலைபேசியிலும் இதுதான் வணக்கம். யாயா தன் சிவப்பு ஈஸ்டர் முட்டையை என் முட்டையில் தட்டி உடைத்தபடி சொல்வார். பிறகு பதிலுக்காக என் முகத்தையே பார்ப்பார்.

நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். மெய்யாகவே என்று நான் எப்படிச் சொல்வது? பக்கத்து வீட்டில் வேலை செய்த நம் நாட்டுப் பிள்ளைகள், “சும்மா சொல்லுங்கக்கா, வாய் வார்த்தைதானே” என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கதிர்காமத்தில் சிங்களச் சனமும் எங்களோடு சேர்ந்து ‘ஹரோ ஹரா’ என்று முழங்குவது வேறு. அவர்களும் கந்தனிடம் நேர்ந்துகொண்டு வந்தவர்கள். யாயாவோ 1974இல் துருக்கிப் படை வந்தபோது வடக்கே வீடு வாசலை விட்டு ஓடிவந்தவர். செத்துப்போன புருசனை மறுபடி காண்போம் என்ற நம்பிக்கை முழுவதையும் அந்த வாழ்த்தில்தான் வைத்திருந்தார். அதைச் சும்மா சொன்னால் அவரை ஏய்த்ததாகிவிடும். “ஹ்ரோனியா பொலா, யாயா” என்றே சொல்லிவந்தேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

2019 வந்தது. அந்த வருசம் எங்கள் நாட்டில் ஈஸ்டர் ஏப்ரல் 21. கிரேக்கச் சபை பழைய ஜூலியன் பஞ்சாங்கத்தை வைத்து நாள் குறிப்பதால் அவர்களுக்கு 28. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலும், மட்டக்களப்புச் சீயோன் சபையும் குண்டுவெடிப்பில் சிதறியதை யாயா வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். ஹோட்டல்களில் இறந்தவர்களையும் சேர்த்தால் 250 பேருக்கு மேல். தேவாலயங்களில் செத்தவர்கள் இதே சேதியைக் கொண்டாட காலையில் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை போட்டுக் கூட்டிப்போனவர்கள்.

அடுத்த வாரம் யாயா முட்டையை நீட்டிச் சொன்னபோது, “அலிதோஸ் அனெஸ்தி” என்றேன்.

ஊருக்கு வந்தபின் அண்ணி கேட்டார்: “அப்ப நீ வேதத்தில சேர்ந்துட்டியா?” இல்லை. பொய் சொன்னேனா? அதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். ஒருவர் சொல்லவிருந்த சாட்சியைச் சொல்லவிடாமல் கொன்றுவிட்டால், அவர் இதைத்தான் சொல்லவிருந்தார் என்று இன்னொருவர் எடுத்துச் சொல்லலாம். நானே கண்டேன் என்று மட்டும் சொல்லக்கூடாது. அந்த இரவு நான் தேவாலயங்களில் செத்தவர்களுக்காகப் பதில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால்தான் எனக்குக் குற்றமாகப் பட்டிருக்கும்.

2020 ஈஸ்டருக்கும் நான் யாயாவோடுதான் இருந்தேன். கொரோனாவால் கோயில்கள் சனத்துக்குப் பூட்டிக் கிடந்தன. யாயா வீட்டிலேயே திரி ஏற்றினார். நான் பழையபடி ‘ஹ்ரோனியா பொலா’ என்றேன். போன வருசப் பதில் எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரிந்த உடைந்த கிரேக்கத்தில், அது எங்கள் ஊரில் செத்தவர்களின் பதில் என்றேன். அவர்களுடைய பெயர்கள் தெரியுமா என்றார், ஜெபத்தில் சேர்த்துக்கொள்ள. தெரிந்த இரண்டு பெயரைச் சொன்னேன்.

அண்ணி இன்னும் ஏற்கவில்லை. ஒருதரம் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான் என்கிறார். அந்தச் சொல்லுக்கு அவர் கொடுக்கும் மதிப்பை நானும் கொடுத்ததால்தான் மற்ற வருசங்களில் அதைச் சொல்லவில்லை என்பதை அவருக்குப் புரியவைக்கப் பார்க்கிறேன்.